ஷவ்கியின் சிவப்பு விளக்குகள்

மன்சூராவுக்குப் போகும் ஷவ்கியின் மினி பஸ்ஸில் அன்று காலை எனக்குப் பின் பெஞ்சுதான் கிடைத்தது. வாய்க்கால் ஓரம் முழுக்கப் பனிமூட்டம். கடைசியாக நஜாத் ஏறினாள். அதுவரை அவரைக்கூழ் ரொட்டியைத் தின்றபடி வம்பளந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

போன குளிர்காலத்தில் இதே சாலையில்தான் அவள் கணவன் குனைம் செத்தான். முன்னால் போன ஷவ்கி திடீரென்று பிரேக் போட, குனைமின் பிக்கப் கடைசி நொடியில் ஒதுங்கி வாய்க்காலுக்குள் விழுந்தது. பிரேக் விளக்கின்மேல் கறுப்புத் தாள் ஒட்டுவது எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு ஸ்டைல். ஷவ்கியும் ஒட்டியிருந்தான், ஊருக்கே தெரியும். போலீஸ் வந்தபோது தாள் இல்லை. குனைம் கஞ்சா போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான் என்று ஷவ்கி சொன்னான், அவர்களும் எழுதிக்கொண்டார்கள். இன்று மன்சூரா கோர்ட்டில் அதையே சத்தியம் செய்யப் போகிறான், கேட்க நாங்களும் போகிறோம். அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க நஜாத்தும் போகிறாள். வேறு வண்டி இல்லாத ஊரில் அவன் வண்டியில்தான் அவளும் ஏறவேண்டியிருந்தது. என்ன பிழைப்போ இது.

இப்போது ஷவ்கி வண்டியின் பின்புறம் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. பம்பரில், கண்ணாடிக்கு மேலே, கூரையில், எங்கு பார்த்தாலும் சிவப்பு விளக்கு. கண்ணேறு படாமலிருக்க ஒரு குழந்தைச் செருப்பு வேறு.

"இதெல்லாம் அன்னைக்கு எங்க போச்சு ஷவ்கி?" என்றாள் நஜாத்.

"காலங்காத்தால ஆரம்பிக்காதக்கா. உக்காரு."

ஊர் தாண்டியதும் பனி சாலையை விழுங்கியது. ஷவ்கி ஊர்ந்தான். பின் கண்ணாடியில் இரண்டு விளக்குகள் தெரிந்தன.

ஒன்று மஞ்சள். ஒன்று வெள்ளை.

உடைந்த விளக்குக்குப் பதில் கிடைத்ததை மாட்டிக்கொண்ட குனைமை 'பூனைக்கண்ணா' என்று நாங்கள் கேலி செய்வோம். அந்த பிக்கப் பழைய இரும்பாகி மாதக்கணக்காகிறது.

ஷவ்கி பிரேக்கை மிதித்தான். பின்னாலிருக்கும் பனியெல்லாம் சிவந்திருக்க வேண்டும்.

சிவக்கவில்லை.

"ஷவ்கி உஸ்தா, உன் பிரேக் லைட்டு எரியல," என்றேன்.

"காலைலதானே பாத்தேன். எல்லாம் எரிஞ்சுது."

விளக்குகள் நெருங்கின. டயர் தேயும் சத்தம் என் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் வந்து நின்றது. வண்டிக்குள் வாய்க்கால் சேற்று நாற்றம்.

மறுபடி பிரேக். மறுபடி இருட்டு. இந்த முறை இன்னும் நெருக்கத்தில்.

நஜாத் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அவளுக்குப் பயமில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவருக்கு உன் வண்டி தெரியல ஷவ்கி," என்று கிசுகிசுத்தாள். "நீ எங்க இருக்கேன்னு சொல்லு."

"கறுப்புத் தாள் ஒட்டியிருந்தேன்டா குனைம்," என்றான் ஷவ்கி அழுதபடி. "நாந்தான் பிச்சு வாய்க்கால்ல போட்டேன். நீ தூங்கல. விட்டுடுடா."

அடுத்த பிரேக்கில் பனி சிவந்தது. அந்த இரு விளக்குகளும் அங்கேயே நின்றுவிட்டன.

ஆனால் கோர்ட்டில் வெயில் அடித்தது. வெயிலில் மனிதனுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. ஷவ்கி குர்ஆன்மேல் கைவைத்து, குனைம் தூங்கிவிட்டான் என்றான். வண்டியில் கேட்டதைச் சொல்ல நான் எழுந்தேன். உன்னை யார் கூப்பிட்டது என்று சேவகன் தோளை அழுத்தி உட்காரவைத்தான். கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். நாளைக்கும் ஷவ்கி வண்டியில்தானே வரவேண்டும். தவறு குனைமுடையது என்று தீர்ப்பானது.

வெளியே வந்தபோது ஷவ்கி வண்டிக்குப் பின்னால் குந்தி, விளக்குகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். பம்பரில், கண்ணாடிக்கு மேலே, கூரையில், அத்தனை விளக்கிலும் கறுப்புத் தாள். ஓரம் கிழிந்த, சேறு ஒட்டிய தாள். நகத்துக்கு அது எட்டவில்லை. விளக்குக்கு உள்ளே ஒட்டியிருந்தது.

நஜாத் அவன் தலைக்கு மேல் நின்று பார்த்தாள்.

"வீட்டுக்குப் போ ஷவ்கி," என்றாள். "அவரும் அந்தப் பக்கந்தான்."

நாங்கள் யாரும் ஏறவில்லை. காலி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் முனையில் பிரேக் போட்டான். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. அவனுக்குப் பின்னால் சாலை காலியாகக் கிடந்தது.

நல்ல வெயிலில், அந்தக் காலிச் சாலையில், ஒரு மஞ்சளும் ஒரு வெள்ளையும் எரிந்தன.