அடுத்தவர் சொல்லும் வலி

2058 ஜூலை 11.

இன்று ஒரு தவறு செய்தேன். சிறியது என்றுதான் முதலில் நினைத்தேன். ரங்கியக்காவின் பெயரில் அவர் கணவர் நஞ்சண்ணாவின் குரலைப் பதிந்துவிட்டேன்.

குரல்நாடி வந்தபிறகு நகரத்தில் யாரும் சோதனைக்கு ரத்தம் கொடுப்பதில்லை. காலையில் பல் விளக்கியதும் அதனிடம் நம் உடம்பைப் பற்றி நாலு வார்த்தை பேசுகிறோம். என்ன சொல்கிறோம் என்பதை அது பார்ப்பதில்லை; சொல்பவரின் குரல் நடுக்கத்திலிருந்து நோயைக் கண்டுபிடித்துவிடும். மாலைநேர மானுடவியல் வகுப்பின் களப்பணிக்காக அதை இந்த மலைப்பதிக்கு, பழங்குடிக் குடியிருப்புக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இங்கே தன் வலியைத் தானே சொல்லும் வழக்கமில்லை. கூட வாழ்பவர்தான் சொல்வார். இதை முதல் நாளே குறித்து வைத்திருந்தேன். ஆனாலும் காலையில் ரங்கியக்காவின் இருமலை நஞ்சண்ணா விவரித்தபோது, பேசுகிற வாயிடம் கருவியை நீட்டினேன்.

இதயம் பலவீனம், உடனே மருத்துவமனை என்றது. நாளை வரும் மருத்துவமனை ஊர்திக்கு ரங்கியக்காவின் பெயரைக் கொடுத்தேன். இருமலுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று மாலையில் யோசித்தபோதுதான் உறைத்தது. அந்த இதயம் நஞ்சண்ணாவுடையது. அவரை விட்டுவிட்டு ஊர்தி போயிருக்கும்.

அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

“அண்ணா, உங்களுக்கு நெஞ்சுல ஏதாவது பண்ணுதா?”

“எங்கிட்டக் கேட்டா? அவளக் கேளு அம்மிணி.”

ரங்கியக்கா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. “படுத்தா மூச்சு முட்டுது. ராவெல்லாம் உக்காந்தே கெடக்கறாரு. கேட்டா பன்னிக்குக் காவலாம். பன்னி என்ன, பாய்க்குள்ளயா வருது?”

“காலைல ஏங்க்கா சொல்லல?”

“நீ அவரப் பத்திக் கேக்கவே இல்லியே.”

என் கையில் அணைக்காமல் இருந்த குரல்நாடி அக்காவின் பேச்சையும் கேட்டிருந்தது. காசநோய், தொடக்கநிலை என்றது. ஒருவருக்காக ஒருவர் பேசி, இருவருமே அகப்பட்டார்கள். மருத்துவமனையை அழைத்து இன்னோர் இடம் கேட்டேன். கொடுத்தார்கள்.

“உனக்கு யாரு சொல்லுவா?” என்றார் அக்கா.

கருவியைக் காட்டினேன்.

நஞ்சண்ணா சிரித்தார். “நீ சோறு தின்னியான்னு அதுக்குத் தெரியுமா?”

தெரியாது. அது வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரையும் உடம்பு எப்படி என்று கேட்டதில்லை. அம்மா கடைசியாக எப்போது வலி என்று சொன்னாள் என்பது எனக்கு நினைவில்லை. இதை அறிக்கையில் எங்கே சேர்ப்பது என்றும் தெரியவில்லை.

நாளை: காலையில் இருவரையும் ஊர்தியில் ஏற்ற வேண்டும். பதிவில் பெயர்களைத் திருத்த வேண்டும். வீட்டுக்கு அழைத்து, அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்க வேண்டும்.