காலி உறை

ஜனவரி மாதத்துப் பனிமூட்டம் காலை ஏழு மணிக்கும் விலகவில்லை. நெல்டா ஃபுர்டாடோ கிடங்கு வாசலில் காரை நிறுத்தியபோது பாதாம் தோப்பும் தெரியவில்லை, எதிரே இருந்த கல்லூரிக் கட்டடமும் தெரியவில்லை. கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் நான்கு கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே கிடங்கு, ஒரே தபால் அறை. இரண்டுக்கும் அவள்தான் மேற்பார்வையாளர். கதவைத் திறந்ததும் வழக்கம்போல அட்டைப்பெட்டி வாசனையும் டீசல் வாசனையும் வந்தன. கூடவே இன்னொரு வாசனை.

சோம்பு மிட்டாய்.

லாரி ஓட்டிய டெல்மர் ஓயாமல் மெல்லுகிற மிட்டாய் அது. டெல்மர் செத்து மூன்று வாரம் ஆகிறது.

தபால் அறை மேசையில் பழுப்பு உறைகள் கட்டாகக் கிடந்தன. கல்லூரி அலுவலகங்களுக்குள் நாள் முழுக்கச் சுற்றுகிற உறைகள். மேலே வரிவரியாகக் கோடு போட்டிருக்கும். வாங்கியவர் தன் பெயரை அடித்துவிட்டு, அடுத்தவர் பெயரை அடுத்த வரியில் எழுதி அனுப்ப வேண்டும். கடைசியாக அடிபடாமல் இருக்கும் பெயர் யாருடையதோ, உறை அவருக்கு. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க உறையிலேயே நான்கைந்து ஓட்டைகள் உண்டு. ஓட்டையில் வெள்ளைத்தாள் தெரியாவிட்டால் உறை காலி. அப்படியே காலி உறைகளின் கட்டோடு போட்டுவிடலாம்.

அந்த ஓட்டையை நம்பித்தான் நெல்டா கெட்டாள்.

டிசம்பர் மாதம், தேர்வு நேரம், தலைக்கு மேல் வேலை. டெல்மரிடமிருந்து ஓர் உறை வந்தது. ஓட்டையைப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. தன் பெயரை அடித்துக் காலிக் கட்டோடு எறிந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, லாரியின் பின்னால் சரக்கை ஏற்றி இறக்குகிற தூக்குத் தட்டு நழுவி டெல்மர் மேல் விழுந்தது. அவரைப் புதைத்துவிட்டு வந்த மாலை அதே உறை அவள் கைக்கு வந்தது. ஓட்டைக்கு எட்டாமல் அடி மூலையில் உள்ளங்கை அளவு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. 'தட்டுச் சங்கிலி வழுக்குகிறது. லாரியை வெளியே விடாதே.'

புகார் எதுவும் தனக்கு வரவில்லை என்று விசாரணையில் அவள் ஏற்கெனவே சொல்லியாயிற்று. சீட்டையும் உறையையும் தாள் அரைக்கும் மெஷினில் போட்டாள். டெல்மரின் கவனக்குறைவு என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். சங்கிலியை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. எண்ணெய் விட்டு லாரியைத் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த திங்களன்று உறை திரும்பி வந்தது. அதே சீட்டு உள்ளே. வெளியே, இடது பக்கம் சாய்ந்த டெல்மரின் எழுத்தில் 'நெல்டா'. அரைத்தாள். மறுபடி வந்தது, ஒரு வரி கூடுதலாக நிரம்பி. எட்டு முறை அரைத்திருப்பாள்.

இன்று கட்டின் மேலேயே இருந்தது. ஒரே ஒரு வரிதான் மிச்சம் இருந்திருக்கும், அதிலும் எழுதியிருந்தது. ஆனால் அவள் பெயர் அல்ல.

'ருஃபினா.'

"ஹெஃபா! என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? காபி இன்னும் உள்ள இறங்கலையா?"

டெல்மரின் இடத்துக்கு வந்திருக்கும் ருஃபினாதான் வாசலில் நின்றாள். கையில் பாதி தின்ற தமாலே, சோளமாவுக் கொழுக்கட்டை. மேற்பார்வையாளரை ஸ்பானிஷில் ஹெஃபா, அதாவது முதலாளியம்மா, என்று கூப்பிட்டுக் கேலி பேசாமல் அவளுக்குப் பொழுது விடியாது. நெல்டா உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"இன்னைக்கு வேன்ல போ. லாரி வேண்டாம்."

"நாப்பது பெட்டி தாளு, ஹெஃபா. வேன் படுத்துரும். ஏன், லாரிக்கு என்ன?"

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நாக்கு நுனிவரை வந்தது.

"சாவியக் காணோம்," என்று முணுமுணுத்தாள்.

"நீங்க தொலைச்சீங்களா? பேனா மூடியக்கூட எண்ணி வெக்கிற ஆளு!" சிரித்துக்கொண்டே ருஃபினா வெளியே போனாள்.

சாவி நெல்டாவின் கோட்டுப் பையில் இருந்தது. தன் அறைக்குப் போய்ப் பாதுகாப்பு அதிகாரிக்கு போன் செய்யக் கருவியை எடுத்தாள். மூன்று எண்களை அழுத்தினாள். இருபத்திரண்டு வருடத்து நல்ல பெயர் கண்முன் வந்து நின்றது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், சாவிதான் என்னிடம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனை வைத்தாள்.

வெளியே டீசல் என்ஜின் உறுமியது.

பையைத் தடவினாள். சாவி அங்கேயேதான் இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. பம்பருக்கு அடியில் காந்தப் பெட்டியில் மாற்றுச் சாவி வைப்பது டெல்மரின் பழக்கம். ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்காக அவளே அவரை இரண்டு முறை திட்டியிருக்கிறாள்.

ஓடினாள். பனியில் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. தட்டு ஏறுகிற முனகல். சங்கிலி கரகரத்தது.

"ருஃபினா! வெலகு! கீழ நிக்காத!"

"சாவி கெடைச்சிருச்சு ஹெஃபா! டெல்மர் வெக்கிற எடத்துலயே—"

சங்கிலி அறுந்த சத்தம் சின்னதுதான்.

இந்த முறை விசாரணையில் நெல்டா எல்லாவற்றையும் சொன்னாள். அழுதுகொண்டே அந்த உறையை மேசைமேல் வைத்தாள். பாதுகாப்பு அதிகாரி உறையின் வாயைச் சுற்றிக் கட்டியிருந்த நூலைப் பிரித்துக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. மேலே பெயர்கள்கூட இல்லை, வெறும் கோடுகள். அதிர்ச்சியில் பேசுகிறாள் பாவம் என்று அவளுக்கு விடுப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளைத் தண்டிக்கக்கூட ஆளில்லாமல் போய்விட்டது.

மறுநாள் மதியம் வீட்டு வாசல் தபால் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பழுப்பு உறை கிடந்தது. கல்லூரியைத் தாண்டி வெளியே வராத உறை.

முதல் வரியில் 'நெல்டா', இடது பக்கம் சாய்ந்த எழுத்து. இரண்டாவது வரியிலும் 'நெல்டா'. அது ருஃபினாவின் உருண்டை எழுத்து. இரண்டு பெயரும் அடிபடவில்லை.

ஓட்டைகளில் வெள்ளை தெரியவில்லை. ஆனால் அவள் இனிமேல் ஓட்டையை நம்ப மாட்டாள். நூலைப் பிரித்து, கையை அடிவரை விட்டுத் துழாவினாள்.

அடி மூலையில் யாரோ அவள் விரலைப் பிடித்துக்கொண்டார்கள்.