பொடியன் அசையாமல் இருந்த படம்

கிறிஸ்துமஸ் லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த கிளீட்டஸ் மாமா, ஒரு பெட்டிக் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில், அதற்கு முன் யாரும் வீட்டில் வைத்துப் படம் எடுத்ததில்லை. படம் வேண்டுமென்றால் பஸ் ஏறி நெய்யாற்றின்கரை ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும்.

பத்து வயது பெர்த்தாவுக்கு ஒரே ஒரு படம் வேண்டியிருந்தது. வீட்டு நாய் பொடியனின் படம்.

"அப்பாவுக்கு அனுப்பணும் மாமா," என்றாள்.

பெர்த்தாவின் அப்பா ஞானசிகாமணி திருவனந்தபுரம் ஜெயிலில் இருந்தார். மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று அந்த வருஷம், 1954 ஆகஸ்டில், ஓர் ஊர்வலம் போனது. அதில் அப்பாவும் போனார். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். எல்லாக் கடிதமும் ஒரே கேள்வியில்தான் முடியும்: 'பொடியன் சாப்பிடுகிறானா?' அப்பாவின் தையல் கடைக்குத் தினமும் கூடவே போய், மிஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்த நாய் அது. பெயர்தான் பொடியன். ஆள் கன்றுக்குட்டி அளவு இருப்பான்.

"சரி மக்கா. உனக்கு ஒண்ணு எடுத்துத் தாறேன்," என்றார் மாமா. "ஆனா ஒரு காரியம் உண்டு. கேமரா 'டிக்'னு சொல்லும்போது அவன் அசையப்படாது. அசைஞ்சா படம் கலங்கிப் போவும்."

பெர்த்தா பொடியனைக் கிணற்றடியில் குளிப்பாட்டினாள். கழுத்தில் தன் சிவப்பு ரிப்பனைக் கட்டினாள். சிகரெட் அட்டையில் ஒரு தொப்பி செய்து தலையில் வைத்தாள். முற்றத்தில் நல்ல வெயிலில் அப்பாவின் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஏற்றி உட்காரவைத்தாள்.

பொடியன் தொப்பியைத் தட்டிவிட்டான். மறுபடி வைத்தாள். ரிப்பனைக் கடித்தான். மறுபடி கட்டினாள். நாற்காலியிலிருந்து குதித்து, நேராகப் போய்ச் சாம்பலில் புரண்டுவிட்டு வந்தான்.

"குளிச்சதெல்லாம் போச்சே!" என்று சமையலறையிலிருந்து அம்மா சிரித்தாள்.

பெர்த்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எலே, உனக்கு அப்பாவ வேண்டாமா? இரில ஒரு எடத்துல!" என்று கத்தினாள். மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

பொடியன் கத்தவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். தொப்பியை வைத்தபோதும் அப்படியே இருந்தான்.

"இப்ப எடுங்க மாமா!"

மாமா கேமராவுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல நிமிர்ந்தார். பிறகு மறுபடி குனிந்தார். 'டிக்' என்று ஒரு சத்தம்.

ஐந்து நாள் கழித்து ஸ்டூடியோவிலிருந்து படம் வந்தது. கொஞ்சமும் கலங்காத படம். ரிப்பனின் முடிச்சுகூடத் தெளிவாகத் தெரிந்தது. பொடியனின் காதுகள் பின்னால் மடங்கித் தலையோடு ஒட்டியிருந்தன. வால் காலுக்கிடையில் இருந்தது. கண்கள் கேமராவைப் பார்க்காமல் ஓரமாகப் போயிருந்தன. அந்த ஓரத்தில்தான் பெர்த்தா விளக்குமாற்றோடு நின்றிருந்தாள்.

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். "பாவம், அன்னைக்கு அவனுக்கு சொகமில்லாம இருந்துதா?"

பெர்த்தா படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கொல்லைப்புறம் போய் நின்று அழுதாள். மாமா பின்னாலேயே வந்தார்.

"இத அப்பாவுக்கு அனுப்பாண்டாம் மாமா. பாத்தா அவருக்குத் தெரிஞ்சு போவும்."

மாமா அவளைத் திட்டவில்லை. "எனக்கும் அன்னைக்கே தெரிஞ்சுது, கேட்டியா. எடுத்திருக்கப்படாது," என்றார். "புதுச் சுருளுல ஒரு படம் பாக்கி உண்டு. நாளைக்கு ராத்திரி நான் போறேன். அதுக்குள்ள பாப்போம்."

ஆனால் மறுநாள் காலையில், கேமராவைக் கண்டதுமே பொடியன் விறகடுக்குக்குப் பின்னால் போய்ப் பதுங்கிவிட்டான். பெர்த்தா வறுத்த கருவாட்டைக் கொண்டுபோனாள். பிடித்த தீனிதான். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தடவக் கையை நீட்டினாள். அவன் இன்னும் உள்ளே நகர்ந்தான்.

அது அவளைச் சுருக்கென்று குத்தியது. கேமராவுக்கு அவன் பயப்படவில்லை. அவள் கைக்குத்தான் பயந்தான்.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மண்ணிலேயே உட்கார்ந்தாள். "நான் அடிச்சது தப்பாக்கும், பொடியா," என்றாள். மத்தியானச் சோறு ஆறிப்போகும்வரை அங்கேயே இருந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் பொடியன் தானாகவே வெளியே வந்தான். அவளைச் சுற்றிக்கொண்டு போய் வாசல்படியில் உட்கார்ந்தான். அப்பா கடையிலிருந்து திரும்பும் நேரம் அது. ஆகஸ்டிலிருந்து ஒரு நாள் தவறாமல் அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்து இடைவழியைப் பார்ப்பான்.

மாமா சத்தமில்லாமல் முற்றத்தில் குத்தவைத்து, நாயின் உயரத்துக்குக் கேமராவைத் தரையோடு வைத்தார். "முகம் பாதிதான் தெரியுது. நீ ஒருக்கா கூப்பிடு, திரும்புவான்," என்று கிசுகிசுத்தார்.

பெர்த்தா வேண்டாமென்று தலையாட்டினாள்.

"இப்படியே இருக்கட்டு மாமா."

'டிக்.'

அந்தப் படத்தை மாமா கொழும்பில் கழுவி, ஜனவரி நடுவில் பெர்த்தாவுக்குத் தபாலில் அனுப்பினார். தொப்பி இல்லை, ரிப்பன் இல்லை. காதுகளைத் தூக்கிக்கொண்டு வழியைப் பார்க்கும் ஒரு நாய். பெர்த்தா அதோடு ஒரு கடிதம் வைத்து அப்பாவுக்கு அனுப்பினாள். விளக்குமாற்றைப் பற்றியும் எழுதினாள். அந்த ஒரு வரியை மூன்று தடவை அடித்து அடித்து எழுதினாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது.

'படம் கிடைத்தது. இங்கே எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் அவனுக்கு என் முகச்சாடை என்கிறார். நீ எழுதியதையும் படித்தேன் மக்களே. நானும் அவனை ஒருமுறை அடித்திருக்கிறேன், வெட்டிவைத்த துணியில் படுத்ததற்கு. பத்து நாள் கடைக்கு வரவில்லை. அந்தப் பத்து நாளும் எனக்குத் தையலே ஓடவில்லை.'

பொடியன் தன் கைக்கு வராத நாட்களை எண்ணிக்கொண்டு வந்த பெர்த்தா, அதற்குள் நாற்பது எண்ணியிருந்தாள்.

தலை சீவக் கையைத் தூக்கினாலும் பொடியன் இன்னும் எழுந்து தள்ளிப் போனான். அதனால் அவன் பக்கத்தில் இருக்கும்போது அவள் சீப்பை எடுப்பதில்லை. கொடியில் துணி எடுக்கும்போதும் முதலில் அவன் எங்கே இருக்கிறான் என்று பார்ப்பாள்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம், வாசல்படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள். பொடியன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வழியைப் பார்த்தான். கொட்டாவி விட்டான். பிறகு தன் பெரிய தலையை மெதுவாக அவள் மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"பெர்த்தா, விளக்கேத்தணும், எந்திரிச்சு வா," என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"இப்பம் முடியாதும்மா," என்றாள் பெர்த்தா, உதடு மட்டும் அசைய.