நாலாயிரமும் நாலும்

தெருமுனைக் குடிநீர் அலுவலகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தினமும் காலையில் அதில் எழுதிவைப்பார்கள். நேற்று வரை 4000. இன்று வெறும் 4!

முதலில் பார்த்தவர் தையல்கடை மாமா.

"ஏரி வத்திப்போச்சு! நாலாயிரம் நாலாயிடுச்சு!" என்று கத்திக்கொண்டே தெருவுக்குள் ஓடி வந்தார்.

அவ்வளவுதான். தெருக்குழாயைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. மாமா குடம், அண்டா, வாளி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, பால் காய்ச்சும் பாத்திரத்தையும் நீட்டினார். கைக்குழந்தையோடு வந்த சித்திக்குக் குழாயை நெருங்கவே வழியில்லை. காலிக் குடத்தோடு ஓரமாக நின்றாள். குழந்தை வீல் வீல் என்று அழுதது.

சித்தியோடு வந்தவள் அவளுடைய அக்கா மகள். பத்து வயது. வாய் ஓயாது என்பதால் எல்லாருக்கும் அவள் 'சில்வண்டு'.

"ஒரே ராத்திரியில அவ்வளவு பெரிய ஏரி எப்படிச் சித்தி வத்தும்?"

"யாருக்குடி தெரியும்? இவங்ககிட்ட கேட்டா காதுல விழுமா?"

சில்வண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். பலகையில் 4-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'கிகாலிட்டர்' என்று இருந்தது. அதற்கு அடியில், சரியாக அழியாமல், நேற்றைய 'மெகாலிட்டர்' மங்கலாகத் தெரிந்தது.

உள்ளே புதிதாக வந்த அதிகாரி அக்கா இருந்தார்.

"அக்கா, நேத்து மெகா, இன்னிக்குக் கிகா. ஏன்?"

"இனிமே அப்படித்தான் எழுதணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. ஆயிரம் மெகாலிட்டர் ஒரு கிகாலிட்டர்தானே?"

"அப்போ தண்ணி குறையவே இல்லையா? கொஞ்சம் தெருவை எட்டிப் பாருங்க!"

அக்கா எட்டிப் பார்த்தார். "ஐயையோ!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

இருவரும் குழாயடிக்கு விரைந்தார்கள். சில்வண்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"மாமா, உங்க மொட்டைமாடித் தொட்டி எவ்வளவு பிடிக்கும்?"

"ஆயிரம் லிட்டர். ஏன்?"

"அது ஒரு கிலோலிட்டர். அந்த மாதிரி ஆயிரம் தொட்டி ஒரு மெகாலிட்டர். பத்து லட்சம் தொட்டி ஒரு கிகாலிட்டர். ஏரியில நாலு கிகாலிட்டர் இருக்கு!"

"நாப்பது லட்சம் தொட்டியா?" மாமாவின் வாய் பிளந்தது. "அப்போ நேத்து நாலாயிரம்னு போட்டிருந்தாங்களே?"

"அது மெகாலிட்டர் மாமா. ரெண்டு மீட்டர் துணியை இருநூறு சென்டிமீட்டர்னு சொன்னா துணி நீளுமா?"

மாமா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைத் தொட்டுப் பார்த்தார். "எப்படி நீளும்?" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பொண்ணு சொல்றது சரிதாங்க. எங்க மேலதான் தப்பு. நாளையிலேர்ந்து ரெண்டையும் எழுதிவைக்கிறோம்," என்றார் அதிகாரி அக்கா.

"வழி விடுங்கப்பா, கைக்குழந்தைக்காரங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க?" என்று எல்லாரையும் விலக்கிய மாமா, சித்தியின் குடத்தைத் தானே நிரப்பித் தோளில் தூக்கிக்கொண்டார்.

அப்போது அவர் வீட்டு ஜன்னலிலிருந்து அத்தையின் குரல் கேட்டது: "ஏங்க, காபி போட வீட்ல ஒரு பாத்திரம்கூட காலியா இல்ல!"

தெருவே சிரித்தது. எதற்கென்று தெரியாமலே குழந்தையும் சிரித்தது.