முனி மரத்து விறகு

நிஷாந்தி நீட்டிய பால் இல்லாத பிளேன்டீயை ஒரு வாய் குடித்ததும் கஜேந்திரன் முகத்தைச் சுளித்தான்.

"சீனியைக் காட்டிட்டு எடுத்துட்டியா?"

"விருந்தாளிகளுக்கு வேணும். வாயைக் கட்டுங்க."

சிரித்தான்.

அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்த அந்தப் பழைய பங்களாவில் புருஷன் பெண்சாதி இருவரும்தான் வேலைக்கு. பழைய மின்சார ஹீட்டர்களைக் கழற்றிவிட்டு, சிம்னி மாடத்தில் இரும்பு விறகு அடுப்பைப் பொருத்தியிருந்தார் தோட்டத்துத் துரை. சாயங்காலம் கொழும்பு ஆட்கள் வருவதற்குள் அறை சூடாக வேண்டும். ஒரு மாத மழையில் எல்லா விறகும் ஊறிக் கிடந்தது. கொட்டகையில் காய்ந்திருந்தது ஒன்றே ஒன்று, முனியாண்டி சாமி குடியிருந்த, காற்றில் விழுந்த மரத்தின் கட்டைகள். லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஆட்கள் எட்டு வருடமாக அவற்றைத் தொடவில்லை.

"அதையாங்க போட்டீங்க?"

"கற்பூரம் கொளுத்திச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை சேவல் அறுக்கிறேன்னு."

"இன்னைக்குத் திங்கக்கிழமை."

"நாலு நாள் பொறுக்க மாட்டாரா? நம்ம ஆளுதானே."

கட்டைகள் எரிந்தன. அறை மேலும் குளிர்ந்தது. புகை வாடைக்குப் பதிலாக, திருவிழாவன்று கோயில் படியில் வழிந்து உறையும் சேவல் ரத்தத்தின் வாடை மெல்ல எழுந்து, மெழுகு பூசிய பலகைத் தரையில் பரவி, ஜன்னல் சீலைகளில் ஏறி, கடைசியில் அவள் நாக்கில் துருச் சுவையாகத் தங்கியது. ஒரு பிடி சாம்பல்கூட விழவில்லை. சிம்னிக்குள் யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். விடும் சத்தம் கேட்கவில்லை.

"அடுப்புக் கதவைத் திறக்காதீங்க."

"கட்டையைத் தள்ளிவிட்டாச் சரியாயிடும் புள்ள."

திறந்தான்.

கையை இழுத்தது. முழங்கை வரை. தோள் வரை. தோள் எலும்பு சுள்ளி ஒடிவதுபோல ஒடிந்தது. அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அடுப்பில் காலை ஊன்றி இழுத்தாள். அவன் தலை இரும்பில் மோதியது. மறுபடி. மறுபடி. அலறல் நின்றது. இழுப்பு நிற்கவில்லை. விலா நொறுங்கியது. இடுப்பு. அவள் பிடியில் ஈரச் சட்டை மட்டும் மிஞ்சியது. பிறகு பாதங்கள், மடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அறை கதகதப்பானது.

பொலிஸ் அடுப்பைப் பிரித்துப் பார்த்தது. எலும்பில்லை, சாம்பலில்லை. ஆள் எங்கோ ஓடிவிட்டான் என்று எழுதிக்கொண்டது.

நேற்றும் அவள் தையல் டேப்போடு போய் அளந்தாள். அடுப்புக் கதவின் அகலம் ஒன்பது அங்குலம்.