கன்று பார்த்த பெண்

காட்டெருமையின் மூச்சு சண்பகவல்லியின் முகத்தில் சூடாகப் பட்டது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். அதுவோ, அவள் ஒருத்தி அங்கே நிற்பதே தெரியாமல் புல்லை மென்றுகொண்டிருந்தது.

எல்லாம் மறைவுடையின் தயவு. அதைப் போட்டுக்கொண்டால் உருவம், வாசனை, சத்தம் மூன்றும் விலங்குகளுக்கு எட்டாது. கூடவே தரும் கண்ணாடி வழியாக மனிதர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். வெந்நீர் ஊற்றுகள் பீறிட்டடிக்கும் அந்தப் பூங்காவுக்குள் உடையில்லாமல் யாரையும் விடுவதில்லை. மனிதர் என்று ஓர் உயிர் இருப்பதையே அங்குள்ள விலங்குகள் மறந்துவிட்டன.

"இவ்வளவு பக்கத்துல பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்ணே."

முன்னால் நடந்த அண்ணன் கோமதிநாயகம் சிரித்தார். "மூட்டு வலிக்குதுன்னு வரமாட்டேன்னு நின்னவதான நீ!"

பாதை குறுகியது. இருபுறமும் கொதிக்கும் சேறு. பாறை ஒன்றின் மேல் ஏறி நின்று அவர் தங்கைக்குக் கை நீட்டிய நேரம், புல்வெளியின் ஓரத்தில் ஊற்று ஒன்று இடிபோல வெடித்துக் கிளம்பியது. மிரண்ட மந்தை அந்த ஒற்றைப் பாதைக்குள் பாய்ந்தது. சண்பகவல்லி கால் இடறி விழுந்தாள்.

"எந்திரிம்மா! எந்திரி!"

முழங்கால் மடங்க மறுத்தது. ஒதுங்க இடமில்லை. அவளைக் காண முடியாத மந்தைக்கோ அது ஆளில்லாத வெறும் பாதை. அவள் கழுத்துக் கொக்கியைப் பிய்த்து, மறைவுடையை உரித்தெறிந்தாள்.

முன்னால் வந்த தாய் எருமை குளம்பை ஊன்றி நின்றது. பின்னால் வந்தவை முட்டி மோதி நின்றன. வேர்வையும் தைலமும் கலந்த அவள் வாடையை அது முகர்ந்தது. அவள் கண்ணுக்குள் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பியது. மந்தையும் வந்த வழியே திரும்பிப் போனது. ஒரு கன்று மட்டும் தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அது தன் வாழ்நாளில் பார்த்த முதல் மனிதப் பிறவி அவள்தான். தாய் குரல் கொடுத்ததும் ஓடிவிட்டது.

இறங்கி ஓடிவந்த அண்ணன் அவள் காலைத் தடவிப் பார்த்தார். "அடி கிடி பட்டிருச்சா?"

"இல்லண்ணே. என்னப் பாத்துச்சுண்ணே." அவள் அழுதுகொண்டே மந்தை போன திசையைக் கும்பிட்டாள்.

பூங்காவைப் பார்க்க வந்தவர்கள் தங்கிய கூடாரங்களில் அவள் சொன்ன கதை பரவியது. விலங்குகள் தங்களையும் ஒரு முறை பார்க்கட்டுமே என்று ஆளாளுக்கு உடையைக் கழற்ற ஆரம்பித்தார்கள். தடுத்துப் பார்த்து அலுத்துப்போன நிர்வாகம் கடைசியில் விதியையே கைவிட்டது. விலங்குகள் மறுபடி மனிதரைக் கண்டு அஞ்சப் பழகின.

அடுத்த கோடையில் அண்ணனும் தங்கையும் பகல் முழுக்க நடந்தார்கள். ஒரு முயல்கூடத் தென்படவில்லை. பொழுது சாயும் நேரத்தில், ஆவிப்புகைக்கு அப்பால், தூரத்து மேட்டில் ஒரு காட்டெருமை தலை நிமிர்ந்தது. மறுகணம் மேட்டைத் தாண்டி மறைந்தது.

"அடச்சே! ஓடிருச்சே," என்றார் கோமதிநாயகம்.

"நம்மளப் பாத்துட்டுத்தானண்ணே ஓடுது," என்றாள் சண்பகவல்லி. அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.