வியாழக்கிழமைத் தசமி

கிழமை உதைத்தது. ஜெகதீஸ்வரி பழைய பஞ்சாங்கத்தை இன்னொரு தடவை புரட்டினாள். 1930 ஆவணியில் பூர்வபக்கத் தசமி, வளர்பிறையின் பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. கையிலிருந்த கல்வெட்டுப் புத்தகமோ வியாழன் என்றது.

ஒருவர் செத்த முப்பத்தோராம் நாளில் வீட்டார் அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்களைப் பிரதி எடுப்பதுதான் அவளுடைய வேலை. ஹெவ்லொக் டவுனிலிருந்து நமசிவாயம் மாஸ்ரர் தான் சேர்த்த பழசுகளைக் கட்டுக்கட்டாக அனுப்புவார். கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டில் இருந்து அவள் தட்டச்சில் அடிப்பாள். மனுசனுக்குத் திகதியில்தான் பிடிவாதம். தமிழ் வருடப் பெயர் அறுபது வருடத்துக்கொருமுறை திரும்பி வரும், கிழமையைப் பொருத்திப் பாராமல் ஆங்கில வருடம் போடக்கூடாது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். இந்தக் கல்வெட்டில் செத்தவரின் பெயரிருந்த அட்டை கிழிந்துபோயிருந்தது. செத்த நாளைச் சொல்லும் வெண்பாவில் 'பிரமோதூத' என்ற வருடப் பெயரும் மாதமும் திதியும் கிழமையும் மட்டும் மிச்சம்.

அறைக்குள் அவள் புருசன் நாகேந்திரம் கிடந்தார். விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனவர்கள் நேற்றுப் பொழுதுபடத்தான் விட்டிருந்தார்கள். தெய்வம் கண் திறந்துவிட்டதென்று அவள் அழுத அழுகை கொஞ்சமல்ல. ஆனால் வந்த மனுசன் ஒரு வாய் சோறு தின்னவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தார். கடற்காற்றின் உப்பு வாடையையும் மீறி அந்த அறையிலிருந்து சாம்பிராணி மணத்தது. வீட்டில் சாம்பிராணி வாங்கி மாதக்கணக்காகிறது.

"இஞ்சேருங்கோ, தேத்தண்ணி போடட்டோ?"

"வேண்டாம்."

குரல் அவருடையதுதான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கண் சுவர்க் கலண்டருக்குப் போனது. இந்த 1990உம் பிரமோதூத வருடம்தான். ஆவணி. நேற்றுத் தசமி. நேற்று வியாழக்கிழமை.

யாரோ வேண்டுமென்றே செய்த வேலை. மாஸ்ரரோ? அவருக்கு இதில் என்ன லாபம்? நேற்றுச் செத்தவருக்கு இன்றைக்கே கல்வெட்டு எப்படி வரும்? தாளோ தொட்டால் உதிர்கிற பழசு. பக்கத்தைத் திருப்பினாள். மனைவி புலம்பல்.

விசாரணைக்குப் போனவரே, விட்டாரோ உம்மை?
வாசலுக்கு வந்ததையா, வந்ததுநீர் தானோ?

அடியில் புலம்புகிறவளின் பெயர் இருந்தது. ஜெகதீஸ்வரி.

ஆங்கில வருடத்தை அடிக்கத் தட்டச்சில் விரல் வைத்தாள். 1990 என்று போட்டால் அவர் இல்லை. 1930 என்று போட்டால் அவள் யாரோ ஒரு ஜெகதீஸ்வரி, அவர் யாரோ ஒருத்தியின் புருசன். கிழமை பிழையாய்ப் போனால் போகட்டும். வந்தது யாராக இருந்தாலும் இருக்கட்டும். அவளுக்கு அவர் வேண்டும்.

ஒன்று. ஒன்பது. மூன்று. பூச்சியம்.

அறைக்குள் கட்டில் முனகியது.

"ஈசு, அது பிழை," என்றார் நாகேந்திரம். "திகதியைச் சரியாப் போடு. எனக்குப் போகேலாமக் கிடக்கு."

அவள் திரும்பவில்லை. காலடிச் சத்தம் இல்லை. தரையில் ஏதோ இழுபட்டது. கிட்ட. இன்னும் கிட்ட. சாம்பிராணி மூக்கை அடைத்தது.

குனிந்த கண்ணுக்கு இரண்டு பாதங்கள் தெரிந்தன. பெருவிரல் இரண்டும், சவத்துக்குக் கட்டுகிற மாதிரியே, வெள்ளைச் சீலைக் கிழிசலால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.